தேர் இழுத்தது அப்பா இல்லை

ராஜபாளையம்,
ஞாயிறு மத்தியானம், அம்மா கண்ணயர்ந்த நேரம்.

இங்கிலாந்தில் அறிவை வளர்த்துக்கொண்டிருக்கும் அன்புள்ள அக்கா யோகேஸ்வரிக்கு, இங்கே தலைமுடியை மட்டும் வளர்த்துக்கொண்டிருக்கும் தம்பி மாரிசெல்வம் பணிவுடன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. இந்த முறை அந்த முறையை மீறுகிறேன். நலமில்லை. பதறாதே, முதலில் உட்கார். உட்கார்ந்துவிட்டாயா? அப்பாவுக்குக் கால் உடைந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை, எலும்பும் சேர்ந்து வருகிறது. சேராமல் இருப்பது வேறு ஒன்று. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். என் போன் பிளஸ் டூ பரீட்சை முடியும்வரை பீரோவுக்குள் சிறையில் இருக்கிறது. வீட்டுப் போனை எடுத்தால் அம்மாவின் காதும் கூடவே வருகிறது. தவிர, "அவ படிப்பு முடியுற வரைக்கும் உன் வாயில இருந்து ஒரு சொல்லு வரக் கூடாது" என்று சூடம் கொளுத்தி என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். வாய் என்றுதான் சொன்னாள். கையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. ஆகவே கையால் எழுதுகிறேன். உன் காலேஜில் படிக்கிற செட்டியார்பட்டி ஜோயல் அண்ணன் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவர், இந்த வாரம் திரும்புகிறார். அவரிடம் கொடுத்துவிடும் பருப்புப்பொடிப் பொட்டலத்துக்குள் இதைப் புதைக்கப்போகிறேன். படிக்கும்போது தும்மல் வந்தால் அது பெருங்காயம். கண்ணீர் வந்தால் அதற்கும் பெருங்காயத்தையே பொறுப்பாக்கிக்கொள்.

ஓடுகிற வண்டியிலிருந்து விழுந்திருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். அப்பா விழுந்தது நிறுத்தி வைத்திருந்த வண்டியிலிருந்து. டீக்கடை முன்னால் சைடு ஸ்டாண்டு போட்ட பைக்கில் உட்கார்ந்துகொண்டு, மில்லில் கூட வேலை பார்ப்பவர்களுக்கு உன் காலேஜ் லைப்ரரியின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார். "நம்ம மில்லு தண்ணித்தொட்டி உசரம் இருக்குமாண்ணே?" என்று ரத்தினம் மாமா கேட்டாராம். "தண்ணித்தொட்டியா? எம்புட்டு உசரம் தெரியுமா?" என்று அப்பா இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். லைப்ரரி உயர்ந்தது, வண்டி சாய்ந்தது, அப்பா அடியில் இருந்தார். ஆஸ்பத்திரியில் அம்மா அழுதுகொண்டே, "மகளுக்கு ஒரு கால்கட்டு போடணும் போடணும்னு ரெண்டு வருசமாச் சொன்னீகளே, இப்ப யாரு காலுல கட்டு இருக்கு பாத்தீகளா" என்றாள். அப்பா சிரிக்கவில்லை. "யோகேஸ்வரிக்குச் சொல்லிறாதீய. படிப்பப் போட்டுட்டு ஓடியாந்துருவா" என்றார். அம்புட்டுத்தான், அது வீட்டுச் சட்டமாகிவிட்டது.

பொறவு ஆரம்பித்தது என் கலைச்சேவை. ஞாயிறுதோறும் அப்பாவுக்குப் புதுச் சட்டை மாட்டி, கட்டிலில் நிமிர்த்தி உட்காரவைத்து, காலைப் போர்வையால் மூடி, இடுப்புக்கு மேலே மட்டும் வீடியோவில் உனக்குக் காட்டினேன். "நல்லா இருக்கேம்மா" என்று அவர் சொன்னது இடுப்புவரைக்கும் உண்மை. ஒருநாள் "மொட்டைமாடிக்குப் போங்கப்பா, மலையில மேகம் எறங்கியிருக்கான்னு பாக்கணும்" என்றாய். நான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு "கரண்ட் போச்சு" என்றேன். "பகல்ல கரண்ட் போனா மாடிப்படி தெரியாதாலே?" என்று கேட்டாய். பதில் தோன்றாததால் சிக்னலும் போய்விட்டது.

நீ மட்டும் ஒழுங்கா? வரவர உன் போக்கே மாறிவிட்டதாக அம்மாவுக்குத் துக்கம். இட்லியை ஸ்பூனால் சாப்பிடுகிறாய், அதுவும் இடது கையால். தலையைப் பின்னாமல் விரித்துப் போட்டுக்கொண்டு வருகிறாய். "வெள்ளக்காரியாவே ஆயிட்டா" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஆடி மாசத்தில் கம்பளிச் சட்டை எதற்கு என்று அவள் கேட்டபோது "இங்க குளிரும்மா" என்றாய். உனக்குப் பின்னால் டேபிள் ஃபேன் சுற்றியதை நான் பார்த்தேன். மேல்நாட்டு நாகரிகம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இந்த நிலையில் ஆடிப்பூரம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரில் அப்பா வடம் பிடிக்காத வருசம் கிடையாது என்பது உனக்கே தெரியும். தெரிந்ததால்தானே "அப்பா வடம் பிடிக்கிறத நான் நேரடியாப் பாக்கணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாய். இங்கே அப்பாவும் ஒற்றைக்காலில்தான் நின்றுகொண்டிருந்தார். யோசனை என்னுடையது. விஜயபாண்டி சித்தப்பா முன்னால் பார்த்தால் சித்தப்பா, பின்னால் பார்த்தால் அப்பா. அப்பாவின் ஊதாச் சட்டையை மாட்டிவிட்டு, அப்பாவின் வழுக்கை அவருக்கு இல்லாத குறையைத் துண்டால் மறைத்து, "யாரு கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது சித்தப்பா" என்று எச்சரித்தேன். "ஆண்டாளே கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேம்லே" என்றார். அன்றைக்குத்தானா அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும்! நீ அங்கே விடியுமுன்னே எழுந்து உட்கார்ந்திருந்தாய். கூட்டம் "கோவிந்தா" என்று முழங்க, வடம் விறைக்க, நான் அம்மாவின் போனைத் தூக்கிப் பிடிக்க, "அப்பா! இங்க பாருங்கப்பா!" என்று நீ கத்தினாய். சித்தப்பா அசையவில்லை. பக்கத்தில் நின்ற வன்னியம்பட்டிக்காரம்மா ஒருத்தி அவர் முதுகில் தட்டி, "புள்ள அந்தக் கத்து கத்துது, திரும்புமய்யா" என்றாள். அப்போதும் அசையவில்லை. "காது கேக்காதா இவருக்கு?" என்று என்னிடம் கேட்டாள். "ஆமா, பொறந்ததுல இருந்தே" என்றேன். அப்போதுதான் உன் குரல் சின்னதாகிப்போய்க் கேட்டது: "அப்பாவுக்கு இன்னும் எம்மேல கோவமாலே?" கடைசியாக ஒரு தடவை கையைத் தூக்கி ஆட்டினாய். படம் குலுங்கியது. கட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு நீ வீடியோவில் வரவே இல்லை. "வேலை இருக்கு" என்று செய்தி மட்டும் வருகிறது. அப்பா என்னைக் கூப்பிட்டு, தேரில் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

"எத்தன தடவலே கூப்பிட்டா?"

"நாலஞ்சு இருக்கும்ப்பா."

"அவ கெளம்புன அன்னைக்கு ஏர்போர்ட்லயும் கூப்பிட்டா. கண்ணு கலங்கியிருந்துச்சு, அவ பாத்துரக் கூடாதுன்னு திரும்பாம வந்துட்டேன். அதக் கோவம்னு நெனச்சுட்டா. இப்பத் தேர்லயும் திரும்பல."

"தேர்ல திரும்பாதது நீங்க இல்லப்பா."

"அது அவளுக்குத் தெரியாதுல்லா."

அக்கா, ஞாயிறு காலையில் இப்போதும் அவரே புதுச் சட்டை கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு உட்காருகிறார். மத்தியானம் ஆனதும் கழற்றிக் கொடுத்துவிடுகிறார். இன்றைக்கும் அப்படித்தான். சட்டை கசங்கக்கூட இல்லை. நான் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறேன். ஏமாந்தவர்கள் துரத்திக்கொண்டு வருவார்கள், அதில் ஒரு சுகம் உண்டு. துரத்த முடியாத மனுசனை வைத்து விளையாடியது இதுதான் முதல் தடவை.

ஓடி வந்துவிடாதே. அவர் இத்தனை நாள் வலியை மறைத்தது நீ அங்கேயே இருக்கத்தான். வீடியோவில் ஒரே ஒரு தடவை "அப்பா" என்று கூப்பிடு, போதும். இந்தத் தடவை திரும்பிப் பார்க்க அப்பாவே இருக்கிறார்.

இப்படிக்கு, அம்மாவின் ஆசிகளைத் தூங்கும்போது திருடியும், சித்தப்பாவின் விசாரிப்புகளை முதுகுப்பக்கமாக வாங்கியும் அனுப்பிவைக்கும்,
உன் தம்பி,
மாரிசெல்வம்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டு வாசி. பொட்டலத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஜோயல் அண்ணன் வீட்டுக்குள் வந்துவிட்டார். அவர் அப்பாவைப் பார்த்தால் உன்னிடம் உளறிவிடுவார் என்று, நாங்களே செட்டியார்பட்டிக்குப் போய்க் கொடுப்பதாக ஏற்பாடு. அம்மா போர்வையோடு பாய்வதற்குள் அவர் கட்டைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, "ஏலே, இங்கயுமா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இங்கயும்னா? வேற எங்க?" என்றாள் அம்மா.

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா சூடத்தை எடுத்தாள். எல்லாம் வந்துவிட்டது. நீ படிப்புக்கு நடுவே வேலை பார்க்கிற கடையில், நீயே ஈரத்துணியால் துடைத்த தரையில், நீயே வழுக்கி விழுந்து, வலது கையில் முழங்கைவரை கட்டு. ஆகவே ஸ்பூன். ஆகவே விரித்த தலை. ஆகவே கம்பளி. "தேரன்னைக்கு ஆட்டுன வேகத்துல சட்டக் கை எறங்கிருச்சாம். அந்நேரம் அப்பா திரும்பிக் கட்டப் பாத்துட்டாரோன்னு பயந்து போனை அணைச்சுட்டா. இன்னும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கா, அப்பா பாத்திருப்பாரோ, பாத்திருப்பாரோன்னு" என்றார் அண்ணன்.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அந்தச் சுவரிடம் சொன்னார்: "நான் பாக்கலம்மா. நான் அங்க வரவே இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "வெள்ளக்காரின்னு சொல்லிட்டேனே பாவி" என்று அம்மா ஒரு பக்கம் அழுதாள். அந்த அமளியிலும் அப்பா, "தம்பி, அந்த லைப்ரரி எத்தன மாடி?" என்று விசாரித்தார். "மூணு அங்கிள்" என்றார் ஜோயல் அண்ணன். அப்பா தன் காலை வருத்தத்தோடு பார்த்தார். அந்த உயரத்துக்கு ஒரு கையே போதுமாக இருந்திருக்கும்.

குறும்பில் உன்னிடம் தோற்றேன் அக்கா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதை முடியவில்லை. "நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குச் சொல்லிறாத, புள்ள பயந்துரும்" என்று அம்மாவும் அப்பாவும் சேர்ந்து மறுபடியும் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். இந்தத் தடவையும் வாயை மட்டும்தான் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கூப்பிடு. நான் போர்வையை உருவுகிறேன்.