கோட்டு போட்ட தியாகி

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் தான் செத்துப்போன விஷயம் மடிப்புக்குத் தெரியவந்தது.

"ஏங்க, சீக்கிரம் வாங்க. உங்களுக்காக ஊரே அழுதுட்டிருக்கு!" என்று மனைவி போனை நீட்டினாள்.

சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவர் அவர். அவர் போடும் மடிப்பு கத்திபோல் நிற்கும் என்பதால் அந்தப் பட்டப்பெயர். போனில் அவருடைய படம். நீலக் கோட்டு, கோணல் சிரிப்பு, சுற்றிலும் கறுப்புக் கட்டம். கீழே, 'பாய்லர் வெடித்து எங்கள் அண்ணன் பலி. முதலாளியைக் கைது செய்!'

பாய்லர் வெடித்தது நிஜம். செத்தது பாய்லர்காரன், மடிப்பின் ஒரே சிநேகிதன். "அவன் முந்தின நாளே வேலையை விட்டு நின்னுட்டான்" என்று முதலாளி கைகழுவிவிட்டார். ஏனென்று கேட்க நாதியில்லை.

"இப்பவாச்சும் கேக்கறாங்களே. அதிகாரிகூட விசாரிக்க வர்றாராம். படம்தான் மாறிப்போச்சு" என்றார் மடிப்பு.

"அது இருக்கட்டும். அந்தக் கோட்டு யாருது?"

வாயிலிருந்த நுரை உள்ளே போய்விட்டது. கோட்டு ஒரு வாடிக்கையாளருடையது. இஸ்திரிச் சூடு ஆறுமுன் ஆசைக்கு மாட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்கண்ணே!" என்று பாய்லர்காரன் தன் போனில் படமெடுத்தான். வாடிக்கையாளர் துணியை உடம்பில் போட்டால் அன்றே சீட்டு கிழியும்.

மடிப்பு அவசரமாகக் கருத்துப் பெட்டியில் எழுதினார்: 'இது நான். உயிரோடு இருக்கிறேன். செத்தது என் சிநேகிதன். படத்தை எடுங்கள்.'

'முதலாளியிடம் எவ்வளவு வாங்கினாய்?' என்று உடனே பதில் வந்தது.

நேரில் சொல்லிவிடலாம் என்று ஓடினார். சலவை நிலைய வாசலில் பெருங்கூட்டம். எல்லார் கையிலும் அட்டை. எல்லா அட்டையிலும் அவர். தன் முகங்களையே விலக்கிக்கொண்டு முன்னேறினார். மைக் வைத்திருந்தவனிடம் போய், "தம்பி, அது நான்தான்" என்றார்.

அவன் கண்கலங்கிக் கட்டிக்கொண்டான். "ஆமாண்ணே! நாம எல்லாருமே அவர்தான்!"

"நானே அவர்! நானே அவர்!" என்று கூட்டம் முழங்கியது.

"யோவ், நான் நிஜமாவே..." என்று அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை. காவலாளி அவரைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்துப்போனான்.

"வாய்யா! காலையிலேருந்து உன்னைத்தான் தேடறேன்" என்றார் முதலாளி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியைப் பார்த்துச் சிரித்தபடி. பிறகு காதோடு, "கோட்டை மறந்துடறேன். நேரலையில 'நான் சாகல'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. பொய்யா சொல்லச் சொல்றேன்?"

பொய் இல்லைதான். அடுத்த வாக்கியத்தில் சிநேகிதனைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று மடிப்பு மனசுக்குள் கணக்குப் போட்டார்.

"நான் சாகல. செத்தது..."

முதலாளி நீட்டியிருந்த போன் அணைந்துவிட்டது.

"ஆக, யாரும் சாகல" என்று அதிகாரி எழுந்து கைகுலுக்கினார். வெளியே கூட்டம் அட்டைகளைக் குப்பைத்தொட்டியில் திணித்துவிட்டுக் கலைந்தது. "இப்படி ஏமாத்திட்டீங்களேண்ணே" என்றான் மைக் பையன். சாகாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று மடிப்புக்கே தோன்றியது.

வாசலில் பாய்லர்காரனின் மனைவி மட்டும் நின்றிருந்தாள். கையில் புருஷனின் போன்.

"எந்தப் படுபாவி என் படத்தைப் போட்டான்னு தெரியலையேம்மா!" என்று மடிப்பு தலையில் அடித்துக்கொண்டார். "தம்பி படத்தைப் போட்டிருந்தா நியாயம் கிடைச்சிருக்குமே!"

அவள் போனை முந்தானையில் துடைத்தாள்.

"அவர் படத்தைத்தாண்ணே முதல்ல போட்டேன், பனியனோட, கரி மூஞ்சியோட. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. கோட்டு போட்டவங்க செத்தாத்தான் கேக்கறாங்க."