களத்துக்கு ஒரு வள்ளம்

எண்பதுகளில் தருமபுரி மாவட்டத்தில் ராகி விளைந்ததே வள்ளத்தாருக்குப் பயந்துதான். வள்ளம் என்பது எங்கள் ஏரியூர்ப் பக்கம் தானியம் அளக்கிற பாத்திரம். அந்த இரும்பு வள்ளம் கையில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. மழை வந்தால் தலையில் கவிழ்த்துக்கொள்வார். கால் வலித்தால் தரையில் கவிழ்த்து உட்காருவார். கூட்டத்தில் யாராவது பேச்சை நீட்டினால் கல்லை எடுத்து அதில் ஓங்கித் தட்டுவார். பேசியவருக்குப் பேச்சு நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு மறுநாள்தான் காது கேட்கும்.

ராகி விவசாயிகளுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று கிளம்பியவர் அவர்தான். வியாபாரிகள் களத்துக்கே வந்து வாங்குவார்கள். தூசி என்று சொல்லி ஒவ்வொரு மூட்டையிலும் எடையைக் கழிப்பார்கள். ஏரியூரில் அரசாங்கமே தராசு வைத்து வாங்கினால் இந்தத் தூசிக்கழிவு ஒழியும் என்பது அவர் கணக்கு. அதைக் கேட்டு அலைய ஆகும் செலவுக்கு, அறுவடை முடிந்ததும் களத்துக்கு ஒரு வள்ளம் ராகி சங்கத்துக்கு என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வெளியே வரும்போது மாதா கோயில் வாசலில் வள்ளத்தோடு நிற்பார். அவர் எங்களைப் போல வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் இல்லை. ஆனாலும் சாமியார் பிரசங்கத்தை நீட்டினால் வெளியிலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் வரும்.

ஊருக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தபோது அவர் ஒரு சட்டம் போட்டார். "அதிகமா பேசறவனுக்கு இந்த வேலை கெடையாதுங்க. நம்மகிட்ட பேசறவன் வியாபாரிகிட்டயும் போய்ப் பேசுவான்."

அன்று எங்கள் ஊரில் வாயே திறக்காதவன் நான் ஒருவன்தான். அது கொள்கை இல்லை, கூச்சம். நாலாம் வகுப்பில் வாத்தியார் பெயரைக் கேட்டதற்கே அழுதவன் நான். வள்ளத்தார் என்னைக் காட்டி, "சவரிதான் நம்ம ஆளு" என்றார். வேண்டாம் என்று சொல்ல ஆசைதான். அதற்கும் வாயைத் திறக்கவேண்டியிருந்தது.

தராசு கேட்டு எழுதிய மனுவோடு அவரும் நானும் தருமபுரிக்கு பஸ் ஏறினோம். மாதிரிக்கு ராகி எடுத்துவரச் சொல்லியிருந்தார்; விடியுமுன் இருட்டில் சங்க மூட்டையிலிருந்து நான் அள்ளிய ராகி ஒரு துணிப்பையில் என் மடியில் இருந்தது. கண்டக்டர் வள்ளத்துக்கு லக்கேஜ் கேட்டார். வள்ளத்தார் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "தொப்பிக்கு லக்கேஜ் உண்டுங்களா?" என்று கேட்டார்.

அங்கே கொள்முதல் அதிகாரி பொறுமையாக மனுவைப் படித்தார். தூசியே இல்லாத ராகிக்குத் தூசிக்கழிவு பிடிக்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். மேஜையில் காகிதம் விரித்து, பையைக் கொட்டினேன்.

பாதி ராகி. மீதி உமி, மண், பொடிக்கல், நாலைந்து ஆட்டுப் புழுக்கை.

அதிகாரி புழுக்கைகளைப் பேனாவால் ஓரமாகத் தள்ளினார். "வியாபாரிங்க கம்மியாத்தான் கழிக்கறாங்க போல இருக்கே."

வள்ளத்தார் ஊர் ஊராக நடந்த நடை அத்தனையும் அந்தக் காகிதத்தில் கிடந்தது. மனுவை அதிகாரி திருப்பி நீட்டினார். அதை வாங்க அவர் வள்ளத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். எனக்கு என்ன ஆயிற்றோ, எழுந்துவிட்டேன்.

"ஐயா, நாங்க விக்கற ராகி இது இல்லைங்க. இது சங்கத்துக்குன்னு குடுத்ததுங்க. நல்லத வூட்ல வெச்சுக்கிட்டு, களத்துல கூட்டி அள்ளுனத சங்கத்துக்குப் போட்டுட்டோமுங்க. வியாபாரிக்கு இப்பிடிக் குடுத்தா வாங்குவானுங்களா? நீங்களே எங்க வூட்டுக்கு வந்து பாருங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். நீட்டிய மனுவைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். அடுத்த வாரம் ஜீப்பில் வந்து வீடு வீடாக மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். மறு அறுவடைக்கு ஏரியூரில் தராசு வந்துவிட்டது.

பிரதிநிதி என்ற முறையில் ஊருக்குச் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். அந்தச் சங்க மூட்டையில் விழுந்த வள்ளங்களிலேயே மோசமானது என் களத்து வள்ளம். ஆடு கட்டியிருந்த மூலையைக் கூட்டி அள்ளிப் போட்டவன் நான்தான்.

எல்லார் களத்திலும் நின்று அளந்து வாங்கியவர் வள்ளத்தார். எவன் என்ன போட்டான் என்று அவருக்குத் தெரியும். கடைசிவரை, யார் கேட்டாலும், "நம்ம சவரி பேசித்தானுங்க தராசு வந்துச்சு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.