விளாம்பழ ஜாமும் எழுநூற்று இருபது வழிகளும்

ஒரு சட்டி விளாம்பழ ஜாமில் பூண்டு மணத்ததற்கு நானே பொறுப்பு. இத்தனை வருடமும் இதைத் "தொழில்நுட்பக் கோளாறு" என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். கோளாறு என்னிடம்தான் இருந்தது. தொழில்நுட்பம் பாவம், சொன்னதைச் செய்தது.

பண்டாரவளைப் பக்கம் ஒரு சின்னப் பழத் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடும் வேலைக்கு நான் சேர்ந்து அப்போது மூன்று மாதம். தெமோதரைத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கியவள் என்ற நினைப்பில் நிலத்தில் கால் பாவாமல் திரிந்தேன். அதே தொழிற்சாலையில், போத்தலில் அடைக்கும் மேசையில், என் அண்ணி ராஜி ஆறு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தார். (அவருக்கு என் நினைப்பு தெரியும். வீட்டில் நான் தேங்காய் துருவும் லட்சணமும் தெரியும்.)

அங்கே இருந்தது நீராவியில் கொதிக்கும் ஒரே ஒரு பெரிய சட்டி. நாலு வகை ஜாம், பூண்டு சேர்த்த இரண்டு வகை மிளகாய் சோஸ், ஆறும் அதில்தான். ஜாம் முடிந்து சோஸ் காய்ச்சினால் கால் மணி நேரம் அலசினால் போதும். சோஸ் முடிந்து ஜாம் என்றால், காஸ்டிக் சோடாத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, குழாயைக் கழற்றி, ரப்பர் வளையங்களைத் தேய்த்தெடுக்க நாலு மணி நேரம் போகும். கடைக்காரர் எதை முதலில் கேட்டாரோ அதை முதலில் காய்ச்சுவது வழக்கமாக இருந்ததால், சட்டி கழுவுவதிலேயே வாரம் கரைந்தது.

அந்த முறை தீபாவளி ஞாயிற்றுக்கிழமை. ஆறு சரக்கும் முடியாவிட்டால் சனிக்கிழமையும் வேலை. அப்படியானால் பிள்ளைகளுக்கு உடுப்பெடுக்கப் பதுளைக்குப் போக முடியாது. மேசையிலிருந்த பதினான்கு பெண்களுக்கும் இதே கவலைதான்.

முதலாளி பதுளை டவுன் முஸ்லிம் வியாபாரி, நல்ல மனிதர். "லீவு தர எனக்கும் ஆசதான். கடைகளுக்கு வாக்குக் குடுத்திட்டேன். சாமான் முடியோணுமே" என்றார்.

நான் எழுந்து நின்றேன். (யாரும் கூப்பிடவில்லை.)

"ஆறு சரக்க எழுநூத்தி இருபது விதமா வரிசைப்படுத்தலாம் சேர். அதுல எதுக்குக் கழுவுற நேரம் கொறச்சலோ அத கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிரும். வெள்ளிக்கெழம பகலுக்கே முடிச்சிரலாம்."

பெண்கள் கைதட்டினார்கள். அண்ணி அன்று மாலையே பிள்ளைகளிடம், "அத்த புண்ணியத்துல சனிக்கெழம டவுனுக்குப் போறோம்" என்று அறிவித்துவிட்டார்.

சட்டிக்குப் பொறுப்பான செல்வம் அண்ணன் கழுவும் நேரங்களைச் சொல்லச் சொல்ல, எதற்குப் பிறகு எது, எவ்வளவு நேரம் என்று கொப்பியில் அட்டவணை போட்டேன். முந்திய சரக்குகளை இடப்பக்கம் மேலிருந்து கீழாக எழுதினேன். நான் எழுதிய புரோகிராமோ முந்திய சரக்கை மேல்வரிசையில் எதிர்பார்த்தது. கவனிக்காமல் அப்படியே ஏற்றிவிட்டேன். ஆகவே கம்ப்யூட்டரின் கணக்கில் சோஸுக்குப் பிறகு ஜாம் போடக் கால் மணி, ஜாமுக்குப் பிறகு சோஸ் போட நாலு மணி. அது கடமை தவறாமல் சோஸ் இரண்டையும் முதலில் வைத்தது. பட்டியலை ஒரு தடவை வாசித்திருந்தால், வீட்டில் சட்டி கழுவிய எவருக்கும் விளங்கியிருக்கும். நான் பட்டதாரி, எனக்கு விளங்கவில்லை.

வியாழக்கிழமை காலை செல்வம் அண்ணன் தாளோடு வந்தார்.

"தங்கச்சி, சோஸ் முடிஞ்ச கையோட விளாம்பழமா? கழுவக் கால் மணிதான் போட்டிருக்கு?"

"எழுநூத்தி இருபதயும் பாத்துத்தாண்ணே சொல்லுது."

"படிச்ச புள்ள சொல்லுது" என்று முனகிக்கொண்டே போனார். பழம் கொதித்து, ஜாம் மேசைக்கு வந்தது. அண்ணி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். கண் கலங்கிவிட்டது.

"கலா, விளாம்பழத்துக்கு மொளகா கூடப் பரவால்ல. பூண்டு எதுக்குடி?"

மேசை நின்றது. பதினான்கு சனிக்கிழமைகள் என்னைப் பார்த்தன. நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு களஞ்சிய அறைக்கு ஓடி, சீனி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே அட்டவணையைப் பார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. திருப்பிப் போட்டேன். இரண்டே விநாடியில் புதுப் பட்டியல் வந்தது. அதற்குள் அண்ணி பழைய தாளோடு வந்துவிட்டார். திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கா அழுற? இந்தத் தாளக் கீழருந்து மேல வாசிச்சா இதேதானே?"

அதேதான். ஒரு வரி பிசகவில்லை. அட்டவணை தலைகீழானால் சிறந்த வரிசையும் அப்படியே தலைகீழாகும். நாலு வருடம் படித்த எனக்குத் தோன்றாததை அண்ணி ஏப்ரனோடு நின்று சொல்லிவிட்டார்.

முதலாளி வந்து ருசி பார்த்தார். நான் வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். அவர் இரண்டாவது கரண்டியும் எடுத்தார்.

"மகள், இத விக்க ஏலாது. ரொட்டிக்கு நல்லாரிக்கும். ஆளுக்கு ரெண்டு போத்தல் குடுங்க. சட்டியக் கழுவுங்க."

அவ்வளவுதான். அன்று நாலு மணி நேரமும் செல்வம் அண்ணனோடு நானும் நின்று சட்டி தேய்த்தேன். சோஸ் இரண்டும் ஏற்கெனவே முடிந்திருந்ததால், பிறகு தாளின் கடைசியிலிருந்த அன்னாசியில் தொடங்கி, கீழிருந்து மேலாக விளாம்பழம் வரை போனோம். வெள்ளி பகலுக்கு முடிய வேண்டியது மாலை ஐந்தரைக்கு முடிந்தது. கடைசிப் போத்தலின் மூடியை அண்ணி திருகியபோது எனக்கு வந்த நிம்மதி பட்டமளிப்பு விழாவில்கூட வந்ததில்லை. சனிக்கிழமை எல்லோரும் பதுளைக்குப் போனார்கள். அண்ணியின் பைகளைச் சுமந்துகொண்டு நானும் போனேன். (தண்டனை என்று யாரும் சொல்லவில்லை.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எழுதிய எந்தத் தாளையும் யாரும் நேராக வாசிப்பதில்லை. சாமான் துண்டு கொடுத்தால் அண்ணன் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கடைக்குப் புறப்படுவார். போன மாதம் என்னை உற்பத்தி முகாமையாளராக்கிக் கடிதம் வந்தது. கொண்டுபோய் அண்ணியிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டார். கடிதத்தைத் தலைகீழாகத் திருப்பி அடியிலிருந்து மேல்வரை மெதுவாகப் பார்த்தார். பிறகு நேராக்கி இன்னொரு தடவை பார்த்தார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"ரெண்டு பக்கமும் பாத்துட்டேன்" என்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "நீதான்."