பன்னிரண்டு முயல்கள் ரிலீஸ்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் முயல் வளர்ப்பது சட்டப்படி குற்றம். நாய் வளர்க்கலாம், உரிமம் வாங்கினால் பாம்புகூட வளர்க்கலாம், முயல் மட்டும் கூடாது. வயலைத் தின்று தீர்த்துவிடும் என்பது காரணம், நியாயமான காரணம்தான். ஆகவே தாரபூல் வட்டாரத்துக்குள் முயல் நுழையாதிருக்கும்பொருட்டு ஒரு நீண்ட கம்பிவேலி போடப்பட்டு, அந்த வேலியைக் காக்கும்பொருட்டு ஓர் அலுவலகம் வைக்கப்பட்டு, அந்த அலுவலகத்தைக் காக்கும்பொருட்டு ஏழு படிவங்கள் அச்சடிக்கப்பட்டிருந்தன.

வேலி அலுவலகம் தன் கடமையைச் செவ்வனே செய்தது. பத்தொன்பது வருஷமாக ஊரில் ஒரு முயலும் தென்படவில்லை. ஆண்டறிக்கையில் 'தென்பட்ட முயல்கள்' என்ற கட்டத்தில் ஆண்டுதோறும் பூஜ்யம். முதல் பத்துப் பூஜ்யங்களுக்குத் தலைநகர் பிரிஸ்பேனிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அடுத்தடுத்த பூஜ்யங்களுக்கு ஒன்றும் வரவில்லை. போன வருஷப் பூஜ்யத்துக்கு, 'முயலே இல்லாத இடத்தில் எட்டுப் பேர் என்ன செய்கிறீர்கள் என்பதைத் தெரியப்படுத்தவும்' என்று வந்தது. அன்றிலிருந்து அந்த எட்டுப் பேரும், கண்ணில் ஒரு முயல் படாதா என்று வேலிக்கு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இது எதுவும் கோரலி மேடர்னுக்குத் தெரியாது. அவளுக்கு வயது நாற்பத்தொன்று. பதினெட்டு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஊரில் பாதிப் பேர் அவள் வண்டியில் போய்ப் படித்தவர்கள்தான். "உட்காரு! பெல்ட்டைப் போடு! ஜன்னல்ல தலைய நீட்டாதே!" என்பதைத் தவிர அவள் தொண்டையிலிருந்து வேறு எதையும் ஊர் கேட்டதில்லை. ஒரே ஒரு முறை, இதே ஊர் உட்கார்ந்து தன் பாட்டைக் கேட்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காக ஆறு வருஷம் உழைத்து, பன்னிரண்டு பாட்டுகளோடு 'பன்னிரண்டு முயல்கள்' என்று ஒரு இசைத்தட்டு தயார் செய்திருந்தாள்.

அவள் குழுவின் பெயர் 'தகரக் கொட்டகை'. மொத்தம் மூன்று பேர். கோரலி கிட்டார் வாசித்துப் பாடுவாள். டூகல் பிரென்டிஸ் ஆளுயர பாஸ் வாத்தியத்தை அணைத்துக்கொண்டு நிற்பான். அவன் மனைவி மெரின் வயலின் வாசித்துக்கொண்டே ஒரு பழைய மரப்பெட்டியைக் காலால் உதைப்பாள். நாட்டுப்பாடலோடு ராக் இசையும் கலந்திருக்கிறது என்பதற்கு அந்த உதைதான் அத்தாட்சி. யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை, எந்தக் கம்பெனியும் கண்டுகொள்ளவில்லை. இந்த நிலைமைக்கு 'சுதந்திர இசைக்குழு' என்று பெயர்.

மூவரில் நாகரிகம் தெரிந்தவன் டூகல். அவனுக்குத் தொழில் பல்செட் கட்டுவது. பகலில் வெள்ளைக் கோட்டுப் போட்டு, கம்ப்யூட்டரைக் கொண்டு பல் செதுக்குவான். பாட்டுக்கு வரும்போது மட்டும் மாடு ஓட்டுகிறவனைப் போல் அகலத் தொப்பி, தோள்வார், தாடி. மாட்டைக் கண்டால் அவனுக்குத் தும்மல் வரும். அவர்கள் பாடிப் பழகிய, கோரலி வீட்டுத் தகரக் கொட்டகையில் மின்சாரம் இருந்தும் ஒரு பல்பு போட விடமாட்டான். இசையின் தூய்மை கெட்டுவிடுமாம். சுவரொட்டி எழுதியவனும் அவன்தான். 'பாட்டு' என்ற சொல்லைப் போட்டால் சந்தைத்தனமாக இருக்கும் என்று அதை மட்டும் விட்டுவிட்டான். செவ்வாய்க்கிழமை காலை ரொட்டிக்கடைச் சுவரில் ஒட்டப்பட்ட வாசகம் பின்வருமாறு:

'பன்னிரண்டு முயல்கள்! சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஊர் மன்றத்தில் ரிலீஸ்! ஆறு வருஷம் தகரக் கொட்டகையில் வளர்ந்தவை. யாருக்கும் கட்டுப்படாதவை. மின்சாரம் பயன்படுத்தப்படவில்லை. வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். குழந்தைகளுக்குப் பிடிக்கும்.'

பதினோரு மணிக்கு வேலி அலுவலகத்தின் கள ஆய்வாளர் லிண்டன் பாஸ்கோ, கையில் ஒரு வலையோடு கோரலி வீட்டுக்கு வந்தான். அவள் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். லிண்டனும் அவள் வண்டியில் போனவன்தான்; பத்து வருஷம் மூன்றாவது வரிசை.

"அக்கா, முயல் எங்க?"

"எந்த முயல்?"

"பன்னெண்டு."

"அட, அதுவா! வாடா, வா!" ஆறு வருஷத்தில் அதைப் பற்றித் தானாக வந்து விசாரித்த முதல் ஆள் அவன்தான். கோரலிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "எல்லாம் கொட்டகைலதான் இருக்கு. நீயும் பாட்டுக்காரனாடா? சொல்லவே இல்ல?"

லிண்டன் படிவம் எண் மூன்றை எடுத்தான். "எப்படிக்கா வளர்த்தீங்க?"

"லேசுப்பட்ட காரியமா? ரெண்டு தானா வந்துச்சு. நாலு பாதியிலேயே செத்துப் போச்சு. ஒண்ணு, என் புருஷன் விட்டுட்டுப் போன வாரம் வந்தது. அதைத் தொட்டாலே எனக்கு அழுகை வரும்."

'இறப்பு: நான்கு' என்று லிண்டன் எழுதினான். "ஆண் எத்தனை, பெண் எத்தனை?"

"அப்படியெல்லாம் பிரிக்கல. ஏழு சோகம், அஞ்சு குஷி."

அதையும் எழுதிக்கொண்டான். "வெளிய விட்டா இதுங்க பெருகிடாதாக்கா?"

"பெருகணும்டா! அதுக்குத்தானே இந்தப் பாடு! ஒருத்தர்கிட்டேருந்து நாலு பேருக்கு, நாலு பேர்கிட்டேருந்து நாப்பது பேருக்கு... வருஷம் திரும்பறதுக்குள்ள சிட்னி வரைக்கும் போயிடணும்!"

லிண்டனுக்குப் பேனா நழுவியது. அரசு ஊழியத்தில் ஏழு வருஷமாக அவன் இப்படி ஒரு துணிச்சலான குற்றவாளியைச் சந்தித்ததில்லை. கோரலி அவனைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், பெட்டியைத் திறந்து, பளபளவென்று ஒரு கறுப்பு இசைத்தட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இந்தா, பன்னெண்டு முயல்."

லிண்டன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது பாட்டுல்லக்கா?"

"பின்னே?"

அவன் தட்டையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு லிண்டன் மெதுவாகச் சொன்னான். "படிவம் மூணை மையில எழுதிட்டேன்கா."

"அடிச்சிட்டு எழுது."

"மையில எழுதினதை அடிக்க அதிகாரம் கிடையாது." அவன் பெட்டிகளை எண்ணத் தொடங்கினான். "ஒரு தட்டுல பன்னெண்டு. முன்னூறு தட்டு. மூவாயிரத்து அறுநூறு முயல்."

"எல்லாத்துலயும் அதே பன்னெண்டுதாண்டா!"

"முயலும் அப்படித்தான்கா. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

முன்னூறு தட்டுகளும் கைப்பற்றப்பட்டு வேலி அலுவலகத்தின் பின்னறையில் வைக்கோல் பரப்பி வைக்கப்பட்டன. தண்ணீரும் வைத்தார்கள், விதியில் அப்படி இருந்தது. கோரலி பேருந்துப் படியில் உட்கார்ந்து அழுதாள். ஆறு வருஷ உழைப்பு ஒரு அரசாங்க வேனில் ஏறிப் போனதைப் பார்த்த எவருக்கும் அழுகை வரும்.

வியாழக்கிழமை மூவரும் அலுவலகத்துக்குப் போனார்கள். பின்னறையில் கோரலியின் குரல் பாடிக்கொண்டிருந்தது. கைப்பற்றிய ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்பதால் லிண்டன் முன்னூறையும் வரிசையாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். இருபத்தாறாவது தட்டு ஓடிக்கொண்டிருந்தது.

இயக்குநர் பிலிப்பா காரிஞ்ச் அம்மையார் அன்பாகத்தான் பேசினார். "இது பாட்டுன்னு எனக்குத் தெரியாதா, மிஸஸ் மேடர்ன்? நானும் கேட்டேன். மூணாவது ரொம்ப நல்லாருக்கு."

"அப்போ குடுத்துடுங்க மேடம். நாளன்னைக்கு விழா."

"எப்படிம்மா குடுக்கறது? மூவாயிரத்து அறுநூறு முயல்னு பிரிஸ்பேனுக்கு எழுதிப் போட்டாச்சு. மந்திரி ஆபீஸ்லேருந்து வாழ்த்துச் சொன்னாங்க. இப்போ போய்ப் பாட்டுன்னு சொன்னா எங்க எட்டுப் பேர் கதி என்ன?"

"முயல் இல்லன்னு எழுதித் தர ஒரு படிவம் இருக்குமே?"

"முயலைப் பார்த்ததுக்கு இருக்கு. பிடிச்சதுக்கு இருக்கு. கொன்னதுக்கு, புதைச்சதுக்கு, புதைச்ச இடத்தைப் பார்த்ததுக்கு இருக்கு. ஏழுலயும் தேடிட்டேன். முயல் இல்லங்கறதுக்கு இல்ல."

டூகல் நெஞ்சை நிமிர்த்தினான். "மேடம், நாங்க யாருக்கும் கட்டுப்படாத கலைஞர்கள்."

"அதையும் குறிச்சிருக்கோம், தம்பி. 'கட்டுக்கடங்காத வகை'ன்னு."

அம்மையார் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "ஒரு வழி இருக்கு. மூணு வகையானவங்களுக்கு முயல் வெச்சுக்க அனுமதி உண்டு. நீங்க ஆராய்ச்சிக்கூடமா?"

"இல்ல."

"மிருகக்காட்சிசாலையா?" என்று கேட்டுவிட்டு டூகலின் தாடியைச் சற்று நேரம் பார்த்தார்.

"இல்லைங்க."

"அப்போ மந்திரவாதிதான். மேஜிக் காட்டறவங்க முயல் வெச்சுக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. எங்கே, ஒண்ணு செஞ்சு காட்டுங்க பார்ப்போம்."

கோரலியும் மெரினும் டூகலை முன்னால் தள்ளினார்கள். "தொப்பிதான் இருக்கே?" என்றார் அம்மையார்.

டூகலுக்கு வியர்த்தது. தொப்பியைக் கழற்றி உள்ளே கையை விட்டான். அன்று மதியம் ஒரு பெரியவருக்குக் கொடுக்க வேண்டிய பல்செட் அங்கே இருந்தது. மாடு ஓட்டுகிறவன் உடையில் நல்ல பை எதுவும் கிடையாது; ஆகவே தலையில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். மேல்வரிசையும் கீழ்வரிசையுமாகப் பற்கள் வெளியே வந்து மேஜைமேல் அமர்ந்து சிரித்தன.

"ஐயோ!" என்று காரிஞ்ச் அம்மையார் நாற்காலியோடு பின்னால் போனார். பிறகு கைதட்டினார். உரிமம் அங்கேயே எழுதப்பட்டது: 'மந்திரவாதி, மூன்று நபர்.' நிபந்தனைகளும் இருந்தன. நிகழ்ச்சி முடிவில் முயல்கள் அனைத்தும் மறைந்துவிட வேண்டும். பார்வையாளர் எவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது. எக்காரணம் கொண்டும் இனப்பெருக்கம் நிகழலாகாது.

"பாட்டு எப்படி மேடம் இனப்பெருக்கம் பண்ணும்?" என்று மெரின் கேட்டாள்.

"சபையில யாராவது கூடச் சேர்ந்து பாடினா அது இனப்பெருக்கம். ஒன்ஸ்மோர் கேட்டா, அதுவும்."

கோரலி கையெழுத்துப் போட்டாள். அவளுக்குப் பாட வேண்டும், அவ்வளவுதான். மந்திரவாதி என்றால் மந்திரவாதி.

ஊரில் எண்ணூறு பேர். சனிக்கிழமை மன்றத்துக்கு அறுநூறு பேர் வந்தார்கள். இசைக்கு என்று ஒரு ஈ வந்திருக்காது; பத்தொன்பது வருஷமாக ஊரில் தென்படாத முயலைப் பார்க்கத்தான் வந்தார்கள். பிள்ளைகள் கையில் கேரட். பெரியவர்கள் கையில் நாய். உரிமத்தின்படி கொண்டுவரப்பட்ட முன்னூறு தட்டுகளும் மேடையோரம் பெட்டிகளில் இருந்தன. வாசலில் வேலி அலுவலகத்தின் எட்டுப் பேரும் வலையோடு நின்றார்கள்.

"முயலை விடும்மா!" என்று முன்வரிசையில் ஒருவர் கத்தினார்.

"விடறேன். முதல்ல உட்காரு!" என்றாள் கோரலி, பேருந்துக் குரலில். அறுநூறு பேரும் சட்டென்று உட்கார்ந்தார்கள். சிலர் பழக்கத்தில் இடுப்புப் பக்கம் பெல்ட்டைத் தேடினார்கள்.

முதல் பாட்டு முழுக்க எல்லோரும் மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். இரண்டாவதில் ஒரு நாய் ஊளையிட்டது, சுருதி சேர்ந்துதான் இருந்தது. மூன்றாவது பாட்டு வந்தபோது ஒருவரும் குனியவில்லை. புருஷன் விட்டுப்போன வாரத்தில் வந்த பாட்டு அது. கோரலி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். அடுத்த அடியை அவள் எடுப்பதற்குமுன் வாசலிலிருந்து ஒரு ஆண் குரல் எடுத்தது. வலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு லிண்டன் பாடிக்கொண்டிருந்தான். நாற்பது முறை கேட்டவனுக்கு வாய் சும்மா இருக்குமா? அவனைப் பார்த்து ரொட்டிக்கடைக்காரர், அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். பன்னிரண்டாவது பாட்டுக்குள் மன்றமே ஆடியது.

"ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!"

காரிஞ்ச் அம்மையார் மேடையேறிக் கையை உயர்த்தினார். "இனப்பெருக்கத்துக்கு அனுமதி இல்லை!"

இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துச் சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எட்டுப் பேரும் முன்னூறு தட்டுகளையும் தூக்கிக்கொண்டு மறைந்தபோது அதற்கும் பலத்த கைதட்டல் கிடைத்தது. ஒருவர் வீட்டுக்கும் ஒரு தட்டுகூடப் போகவில்லை. கோரலிக்கு அது நெஞ்சை அறுத்தது. ஆனாலும் ஊர் உட்கார்ந்து கேட்டுவிட்டதே என்ற சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

அதன்பின் நடந்தவை வேகமாக நடந்தன. லிண்டன் தன்மீதே தான் புகார் எழுதிக்கொண்டான்: 'முதல் தொற்று: நானே.' ஊரில் யார் விசிலடித்தாலும் 'முயல் தென்பட்டது' என்று பதிவானது. வேலி அலுவலகத்தில் எட்டுப் பேர் இருபதானார்கள். அரசாங்கம் பூட்டி வைத்த இசை என்று கேள்விப்பட்டு பிரிஸ்பேன் பத்திரிகை ஒன்று, கேட்காமலேயே, 'இந்த ஆண்டின் ஈடு இணையற்ற தட்டு' என்று எழுதியது. நகரத்து இளைஞர்கள் அகலத் தொப்பி வாங்கினார்கள். தொப்பிக்குள் பல்செட் வைத்துக்கொள்வதும் பரவுவதாகக் கேள்வி. டூகலுக்கு மூச்சு விட நேரமில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை காரிஞ்ச் அம்மையார் பேருந்து நிறுத்தத்துக்கே வந்துவிட்டார்.

"அடுத்த தட்டு எப்போம்மா?"

"முதலுக்கே ஆறு வருஷம் ஆச்சே மேடம்."

"எங்களுக்கு ஜூன்ல ஆண்டறிக்கை. அதுக்குள்ள ஒரு இருபத்தினாலு முயலாவது பார்த்துக்குடு. உன்னை நம்பி இருபது குடும்பம் இருக்கு." அவர் ஒரு கட்டுப் படிவத்தை நீட்டினார். "அப்புறம், உரிமதாரர் நீதானே? வண்டியில தினம் எத்தனை பேர் உன் பாட்டைப் பாடறாங்கன்னு எண்ணி எழுதிடு. கூடக்குறைய இருந்தா பரவாயில்ல."

"நாங்க சுதந்திரக் குழு மேடம். அரசாங்கத்துக்கெல்லாம் கணக்கு எழுத மாட்டோம்."

"எண்ணிக்கை ஏறினா முன்னூறையும் மாநிலம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அனுப்பலாம்னு இருக்கோம். எல்லாரும் போட்டுக் கேட்பாங்க."

கோரலி படிவத்தை வாங்கிக்கொண்டாள்.

அன்று பேருந்தில் இருபத்திரண்டு பிள்ளைகள். வழக்கம்போல் கத்தல், தள்ளுமுள்ளு. ஆற்றுப் பாலம் தாண்டியதும் பின்வரிசையில் யாரோ மூன்றாவது பாட்டை விசிலடித்தார்கள். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். கோரலி கண்ணாடியில் பார்த்து எண்ணினாள். ஒன்பது பேர்.

பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தி, படிவத்தை ஸ்டீயரிங்மேல் வைத்து, கொஞ்சம் யோசித்தாள். பிறகு 'தென்பட்டவை' என்ற கட்டத்தில் முப்பத்தொன்று என்று எழுதினாள். மையில்தான் எழுதினாள்.