பந்திக்கு வந்த லைக்

உலக வணிக வரலாற்றை இனி இரண்டாகத்தான் பிரிக்க வேண்டும்: கறம்பக்குடி ரத்தினவேல் பாத்திரக்கடை லைக் போடுவதற்கு முன், போட்டதற்குப் பின். இந்தப் பொற்காலத்தைத் தொடங்கி வைத்தவன் 'டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆலோசகர்' ஆகிய அடியேன்.

நான் வரும்வரை ரத்தினவேல் காட்டுமிராண்டித்தனமாக வியாபாரம் செய்துகொண்டிருந்தார். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுக் காதுகுத்தானாலும், கருமாதியானாலும் மொபெட்டில் போய்த் தலையைக் காட்டுவார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார். பதிலுக்கு அந்த வீட்டார் தாய்மாமன் சீருக்கு அவர் கடையில் அண்டா எடுப்பார்கள். பெட்ரோல் வீண், வேட்டியெல்லாம் சாம்பார்.

பத்திரிகையே போனில் வரும் காலத்தில் ஒரு லைக் போட்டால் நேரில் போன மாதிரி என்று அறிவியல்பூர்வமாக விளக்கினேன். அவர் மனைவி முத்துமாரியம்மாள் மட்டும், "பந்தியில ஒக்காராம வெரலக் காட்டுனா வந்ததா ஆயிருமா தம்பி?" என்று பிற்போக்காகக் கேட்டார்.

ஆயிற்று. எங்கள் ஊர் முற்போக்கான ஊர். விசேஷம் முடிந்ததும் வீட்டுக்காரர்கள் லைக் போட்டவர்களின் பெயரை வாசித்து, ரத்தினவேலையும் வந்தவர்களோடு சேர்த்துக்கொண்டார்கள். கருமாதி அறிவிப்புக்கும் கட்டைவிரலை உயர்த்தியதில் ஒரு வீட்டில் சின்ன மனஸ்தாபம். கும்பிடும் கைக்கு மாறச் சொல்லிச் சமாளித்தேன். மொபெட்டையும் விற்கச் சொன்னேன், விற்றார்.

ஆவணி முகூர்த்தம் பிறந்த நேரம் பார்த்து, அந்த லைக் ஆப்பை நடத்தும் கம்பெனி 'பயனர் நலன் கருதி' லைக் போட்டவர்களின் பெயரை மறைத்துவிட்டது. எத்தனை லைக் என்று தெரியும்; யார் போட்டது என்று தெரியாது. மகத்தான சீர்திருத்தம். கறம்பக்குடியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். மகான்கள் யாரைக் கேட்டுச் செய்கிறார்கள்?

ரத்தினவேல் விடாமல் லைக் போட்டார். ஊர் விடாமல் கோபித்துக்கொண்டது. முகூர்த்த மாதத்தில் கடையில் ஈ ஓட்டினார். ஒருநாள் அவருடைய பழைய வாடிக்கையாளர் முனியாயி, பட்டுக்கோட்டையில் வாங்கிய புது அண்டாவோடு கடையைத் தாண்டிப் போனார். ரத்தினவேல் ஓடிப்போய்க் காரணம் கேட்டார்.

"எம் மகளோட மூத்த பய காதுகுத்துக்கு நீங்க நேர்லயும் வரல, போன்லயும் வரல. சின்னவன் சீருக்கு ஒங்க அண்டா மட்டும் வரணுமாக்கும்?"

லைக் போட்டதாக அவர் சத்தியம் செய்தார். முனியாயி நிற்கவில்லை. 'ரீச்' தற்காலிகமாகக் குறைந்திருப்பதாக நான் ஆறுதல் சொன்னேன். ரத்தினவேல் மொபெட்டை வாங்கியவரைத் தேடிப் போனார்.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் என் புது வீட்டுக்குக் குடிபோனேன். பத்திரிகையைப் போனில்தான் அனுப்பினேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. லைக் வந்து குவிந்தது. பந்தலில் நானும் சமையல்காரரும் இருந்தோம். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. ரத்தினவேலுக்குப் போன் செய்தேன். பின்னால் கொட்டுச் சத்தம்; முனியாயி வீட்டுச் சின்னவன் காதுகுத்துப் பந்தியில் இருந்தார்.

"காலையிலயே லைக் போட்டுட்டேன் தம்பி" என்றார். "எம்பேரு தெரியலைன்னா, அந்தக் கம்பெனிக்காரனக் கூப்புட்டு எலையப் போடுங்க."