அறுபத்திரண்டு கிலோ பாஸ்கல்

காசிமேட்டு பாஸ்கல் போராடி ஜெயித்தவை இவை: மூன்று பேர் கலந்துகொண்ட எடைதூக்கும் போட்டியில் மூன்றாம் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ், எதிராளி வராமல் போன எண்ணூர் போட்டியில் ஒரு சுவர்க் கடிகாரம், இரண்டு முறை மஞ்சள் காமாலை. நான்கையும் சொந்த உடம்பால் ஜெயித்தவன், 2004 பிப்ரவரியில் கிரியேட்டின் என்ற தசை ஏற்றும் பவுடர் டப்பா ஒன்று வாங்கி, பவுடர் பயில்வான் என்ற இனத்தில் சேர்ந்தான்.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு அக்குளிலும் பூசணிக்காய் இடுக்கியது போல் நடக்கும். டீக்கடையில் வெந்நீர் கேட்கும். யாராவது சௌக்கியமா என்று கேட்டுவிட்டால், பவுடர் தசைக்குள் போய் என்ன செய்கிறது என்று ஆரம்பித்து, பத்து விநாடி முழுமூச்சாகச் செய்யும் வேலைக்கு அதை விட்டால் வேறு கதியில்லை என்று முடிக்க நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்ளும். அந்தப் பத்து விநாடி வேலையை எப்போது செய்யும்? கேட்காதீர்கள்.

"மொத வாரம் டோஸ் ஜாஸ்தி நைனா. லோடிங்ல கீறேன்," என்றான் பாஸ்கல்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அப்பா வால்டர் நிமிர்ந்து பார்த்தார். "நானும் இருபத்தாறு வருசமா லோடிங்லதான் கீறேன். எனுக்கு ஒண்ணும் ஏறலியேடா."

பவுடருக்குத் தினம் ஐந்து லிட்டர் தண்ணீர் வேண்டும். தெருவுக்குத் தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். குடத்தைக் காலி செய்தவன், லாரி வந்ததும், "மஸிலு ரெஸ்ட்ல கீது," என்பான். அக்கா ஃபாத்திமா தூக்குவாள். இறால் கம்பெனியில் எடை போடுபவள். ஐந்து கிராம் பிசகினாலும் அவளுக்குச் சோறு இறங்காது. மூன்றாம் வாரம் தம்பியை இறால் பெட்டி நிறுக்கும் தராசில் ஏற்றினாள். அறுபத்து நாலு கிலோ நூறு கிராம்.

"பாத்தியாக்கா, ரெண்டு கிலோ மஸிலு."

"தண்ணிடா. ஊறவெச்ச எறாவும் இப்டித்தான் வெயிட்டு காட்டும்."

விளையாட்டுக் கோட்டாவில் ஓர் அரசு வேலை காத்திருந்தது. ஒரே இடம், அறுபத்திரண்டு கிலோ பிரிவு. கொஞ்சம் கூடினாலும் மேடையேற விடமாட்டார்கள். தேர்வுக்கு ஐந்து வாரம். ஃபாத்திமா டப்பாவைப் பூட்டினாள். லாரிக்கு எட்டுக் குடம் வீதம் அவனே ஓடி ஓடித் தூக்கினான். தேர்வன்று விடியற்காலை இருநூறு கிராம் அதிகம். மொட்டை அடித்து, மழைக்கோட்டு மாட்டி, திருவொற்றியூர் வரை ஓடவிட்டு, வழியெல்லாம் துப்பவைத்து, ஐம்பது கிராம் குறைவாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். கடைசித் தூக்கில் நூற்று முப்பது கிலோ. வேலை அவனுக்கே.

"பவுடர் காப்பாத்திச்சிக்கா."

"டப்பாவப் பூட்டி அஞ்சு வாரம் ஆச்சுடா."

"உள்ள ஸ்டாக் கீதுல்ல?"

வேலையில் சேர்ந்த அன்று வருகைப் பதிவேட்டில் முதல் கையெழுத்து. வலக்கையை மடக்காமல் எழுத முடியாது, சரி. இடக்கையை எதற்கு மடக்கினான்? சிரிக்காதீர்கள், இதைப் படிக்கும்போதே உங்கள் கையும் ஒருமுறை மடங்கிப் பார்த்திருக்கும். வாசலில் நின்ற ஃபாத்திமா, இறால் எடை எழுதும் பழக்கத்தில் அதையும் குறித்துக்கொண்டாள்: 12 ஜூலை 2004, திங்கட்கிழமை, காலை 9.40.