வலது பாக்கெட்

என் மனைவியைப் பழக்கிவிடுவது என்று ஒரு திங்கட்கிழமை மாலை முடிவு செய்தேன்.

நான் குதிரைப் பயிற்சியாளன். சவாரிப் பள்ளியில் வேலை. உதைக்கிற குதிரை, கடிக்கிற குதிரை, தன் நிழலையே கண்டு மிரள்கிற குதிரை, எதுவானாலும் என் கைக்கு வந்தால் பசுவாகிவிடும். பசுவாகாத ஒரே ஜீவன் என் வீட்டில் தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

காரணம் இல்லாமல் எடுத்த முடிவல்ல. அன்று மத்தியானம் சீமாட்டி எங்கள் முதலாளியின் கோட்டுப் பாக்கெட்டைக் கிழித்துவிட்டாள். சீமாட்டி பழுப்பு நிறப் பெண் குதிரை. தாயில்லாத குட்டியாக வந்தபோது பால் புட்டி பிடித்து வளர்த்தவன் நான். அவளுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். பாக்கெட்டைக் கண்டால் மூக்கை நுழைப்பாள். மூக்கு நுழையாவிட்டால் பல்.

முதலாளி கிழிந்த கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"மாஸ்டர், ஞாயித்துக்கிழமை புதுப் பசங்க அப்பா அம்மாவோட வர்றாங்க. அன்னைக்கும் இவ சேட்டை பண்ணினா, மறுநாள் இங்க இருக்க மாட்டா. விறகு வண்டிக்காரர் ரொம்ப நாளா ஒரு குதிரை கேட்டுக்கிட்டிருக்கார்."

சீமாட்டி விறகு இழுப்பதா!

கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். சீமாட்டி கிழிப்பதை எல்லாம் என் மனைவிதான் தைத்துக் கொடுப்பாள். ஒருவிதத்தில் எங்களுடையது குடும்பத் தொழில்.

அவள் கோட்டை விரித்துப் பார்த்தாள்.

"இதுவும் வலது பக்கம்."

"என்னது?"

"போன வாரம் டாக்டரம்மா கோட்டு. அதுக்கு முன்னாடி அந்தக் குண்டுப் பையனோட டவுசர். எல்லாமே வலது பாக்கெட். உங்க குதிரைக்கு இடது பக்கம்னா ஆகாதா?"

"அது வாயில்லா ஜீவன். அதுக்கு வலது இடதெல்லாம் என்ன தெரியும்?"

"வாய் இருக்கறதாலதானே கிழிக்குது. யாரோ சொல்லிக்கொடுத்திருக்காங்க."

"யாரு?"

"வலது பாக்கெட்ல கேரட் வச்சுக்கற யாரோ."

"இங்க பாரு, லாயத்துல 'கையால் தீனி கொடுக்காதீர்கள்'னு போர்டு எழுதி மாட்டினதே நான்தான்."

"குதிரை படிக்கும்னு எழுதினீங்களா?"

என்னைச் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். என் தொழிலைச் சொன்னால்? என் முறை எப்படிப்பட்டது என்று அவளுக்கே காட்டிவிடுவது என்று அப்போதுதான் தீர்மானித்தேன்.

அவளிடமும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வேலை முடிந்து வந்து நான் சோபாவில் சாய்ந்ததும் "ஏங்க" என்பாள். குழாய் சொட்டும். பல்பு போயிருக்கும். பரண்மேல் எதையோ எடுக்கவேண்டியிருக்கும். நான் சாயும்வரை இந்த வீட்டில் எதுவும் பழுதாவதில்லை.

என் முறை எளிது. நல்லது செய்தால் அந்த நிமிஷமே பரிசு. கெட்டது செய்தால் கண்டுகொள்ளக் கூடாது. அடி கிடையாது, அதட்டல் கிடையாது. இரண்டுக்கும் எனக்குத் தைரியமும் கிடையாது.

ஆரஞ்சு மிட்டாய் ஒரு பை வாங்கி இடது பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மறுநாள் சாய்ந்தேன்.

"ஏங்க, அலமாரிக் கதவு..."

நான் கூரையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பேசவில்லை. சட்டென்று எழுந்து ஒரு மிட்டாயை நீட்டினேன்.

"எதுக்கு இது?"

"சும்மா. உனக்குப் பிடிக்குமேன்னு."

மிட்டாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் "ஏங்க" வரவே இல்லை. இவ்வளவு சீக்கிரம் எந்தக் குதிரையும் பழகியதில்லை. மிஷின் ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. கல்யாணமான நாள் முதல் நான் கேட்டிராத அமைதி. கண்ணை மூடி அனுபவித்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கண்ணைத் திறந்தேன். கோபமோ? உடம்பு சரியில்லையோ? அவள் அம்மா வரப்போகிறாளோ?

"ஏதாவது வேலை இருக்கா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"இல்ல, குழாய் சொட்டுதே..."

"சொட்டுதா?"

குழாயைச் சரிசெய்தேன். அலமாரிக் கதவுக்கு ஆணி அடித்தேன். அவ்வளவு நேரமும் அவள் ஒரு வேலைகூடச் சொல்லவில்லை. பயிற்சியில் நேர்மை முக்கியம். மிட்டாய் கொடுத்தேன்.

பரணைக் காலி செய்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். ஏணிமேல் இருந்த என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"உன் வீட்டுக்காரரா இது! என்னடி பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலக்கா. அதைத்தான் பண்ணினேன்."

பாவம், பழகிக்கொண்டிருப்பது அவளுக்கே தெரியவில்லை என்று நினைத்து ஏணிமேல் நின்று சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கேரட்டை எடுத்துக்கொண்டு பாக்கெட்டில் கையை விட்டேன். கை போகவில்லை. இடது பக்கம் விட்டேன். அங்கும் போகவில்லை. கொடியில் கிடந்த பேன்ட்டை எடுத்துப் பார்த்தேன். அதிலும் பாக்கெட்டின் வாய் மூடியிருந்தது.

"என்ன இது?"

"இரட்டைத் தையல்."

"சாவியை எங்க வைக்கறது?"

சிவப்பு நாடாவில் சாவியைக் கோத்துத் தயாராக வைத்திருந்தாள். என்னையறியாமல் தலையைக் குனிந்தேன். மாட்டிவிட்டாள்.

"ஐயோ, சீமாட்டி எதிர்பார்ப்பாளே!"

"எதை?"

கேரட் கையிலேயே இருந்தது.

"இல்ல... எப்பவாவது... அவ பார்க்கற பார்வை இருக்கே..."

"பார்க்கட்டும். கேரட்டை வாளியில போடுங்க. அதுவும் அவ உங்க பாக்கெட்டை விட்டுட்டுத் தலையைத் திருப்பினப்புறம். ஊருக்கெல்லாம் நீங்க சொல்லிக்கொடுக்கறதுதானே?"

சொல்லிக்கொடுப்பதுதான். அந்தப் பார்வையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம்.

அன்று சீமாட்டி என் வலது பக்கம் முட்டினாள். தையல் அசையவில்லை. இடது பக்கம் முட்டினாள். காலால் தரையைத் தட்டினாள். செருமினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். ரொம்ப நேரம் கழித்து, இவனோடு என்ன பேச்சு என்பதுபோல் தலையை அந்தப் பக்கம் திருப்பினாள். உடனே வாளியில் கேரட் விழுந்தது. அவள் காது நிமிர்ந்தது.

எனக்கு மட்டும் தைத்ததோடு என் மனைவி விடவில்லை. லாயத்தில் வேலை செய்யும் அத்தனை பேரின் பேன்ட்டும் மூட்டையாக எங்கள் வீட்டுக்கு வந்தது. மூட்டையைச் சுமந்தவன் நான். அந்த வாரக் கடைசியில் லாயத்தில் ஒருவர் பாக்கெட்டும் திறந்திருக்கவில்லை. எல்லார் கழுத்திலும் சிவப்பு நாடா. சனிக்கிழமை என்னைக் கண்டதுமே சீமாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்ற பிள்ளை திருப்பிக்கொண்டதுபோல் இருந்தது. கேரட்டைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிறைய நாற்காலிகள். பெற்றோர்கள், பிள்ளைகள். என் மனைவியும் கைப்பையோடு வந்து ஓரமாக நின்றாள். முதலாளி அதே கோட்டைப் போட்டிருந்தார். சோதிக்க வேண்டும் என்றே எல்லாரும் பார்க்க அதே வலது பாக்கெட்டில் ஆப்பிள் துண்டுகளைப் போட்டுக்கொண்டு சீமாட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

சீமாட்டியின் மூக்குத் துவாரம் விரிந்தது. கழுத்து நீண்டது. மூக்கு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் போனது. விறகு வண்டி சத்தமே எனக்குக் கேட்டுவிட்டது.

சீமாட்டி ஒரு பெருமூச்சு விட்டாள். தலையைத் திருப்பி என் காலடியில் இருந்த வாளியைப் பார்த்தாள்.

கூட்டம் கைதட்டியது. முதலாளி என் தோளைத் தட்டினார்.

"விறகு வண்டிக்காரரை வேற குதிரை பார்த்துக்கச் சொல்லிடறேன். எப்படி மாஸ்டர் பழக்கினீங்க?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"முறை எளிதுங்க. நல்லது செஞ்சா உடனே பரிசு. கெட்டதைக் கண்டுக்கக் கூடாது. பழகறவங்களுக்குத் தாங்க பழகறதே தெரியக் கூடாது. அதுதான் இதுல நுட்பம்."

"பிரமாதம்! ஏம்மா, வீட்லயும் இப்படித்தானா?"

"ஆமாங்க," என்றாள் என் மனைவி. "வீட்லயும் இதே முறைதான்."

கூட்டம் கலைந்தது. மைதானம் முழுக்க நாற்காலிகள் தாறுமாறாகக் கிடந்தன. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலிகளைப் பார்த்தாள். அவ்வளவுதான். எனக்கு என்னவோபோல் இருந்தது. எல்லாவற்றையும் அடுக்கிவைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, லாயத்து வாசலில் அவள் முன்னால் போய் நின்றேன்.

அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே நான் கொடுத்த ஆரஞ்சு மிட்டாய் அத்தனையும் பிரிக்காமல் இருந்தது. ஒன்றைப் பிரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவள் தலைக்கு மேலே என் போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. 'கையால் தீனி கொடுக்காதீர்கள்.'

வாயைத் திறந்தேன்.